இரவல் பெயர்

என்னுடைய புருஷன் திராட்சை வெட்டப் போன இடத்தில் செத்தவர். இப்படிச் சொன்னால் இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், ஒருவரும் நம்புவதில்லை. ஷெல் விழுந்து செத்தார், கடலில் செத்தார், ஆமி பிடித்துக்கொண்டு போய்ச் செத்தார் என்றால் உடனே தலையை ஆட்டுவார்கள். பிரான்சின் தெற்கில், வைன் செய்கிற ஒரு குட்டிக் கிராமத்தில், திராட்சை ஏற்றிய டிரெயிலரிலிருந்து விழுந்து செத்தார் என்றால், ஏதோ உல்லாசப் பயணம் போன இடத்தில் வந்த வினை என்பதுபோலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

என் பெயர் இம்மாகுலேற். சொந்த இடம் மன்னார். 1985இல், இலங்கையருக்கு விசா வேண்டும் என்று இங்கே சட்டம் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு லண்டனுக்கு வந்து இறங்கினேன். இரண்டு டிக்கற் எடுக்க வழியில்லை. “நீர் முதலிலை போம், நான் பின்னாலை வாறன்” என்றார் என் புருஷன் பெனடிக்ற். அவருடைய ‘பின்னாலை’க்கு மூன்று வருஷம் பிடித்தது. 1988 வைகாசியில், காசு வாங்கி ஆட்களைக் களவாய் ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் அவரைப் பாரிஸில் இறக்கிவிட்டு மாயமாகிப் போனான். லண்டனுக்குக் கடலைத் தாண்டினால் போதும். அந்தத் துண்டுக் கடலைத் தாண்டுவதற்கு இன்னொரு ஏஜென்சிக்காரன், இன்னொரு தொகை.

அப்போது நான் ஒரு வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. வீட்டின் கீழ்ப்பகுதியில் கல்யாணசுந்தரமும் தவநாயகியும் அவர்களின் இரண்டு பிள்ளைகளும். யாழ்ப்பாணத்துச் சைவர்கள். குசினி எல்லாருக்கும் ஒன்று. நான் வெள்ளிக்கிழமையில் மறந்துபோய் மீன் பொரித்தால் தவநாயகி யன்னல்களை எல்லாம் திறந்துவிடுவாள். வாயைத் திறக்கமாட்டாள். நல்லவள்.

கல்யாணசுந்தரம் முன்பு மூன்று வருஷம் பாரிஸில் இருந்தவன். அங்கே அகதிக் கார்ட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் பெண்சாதி பிள்ளைகள் லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டதால், யாருடைய பாஸ்போர்ட்டிலோ இங்கே வந்து, கொழும்பிலிருந்து நேரே வருவதாகச் சொல்லிக் குறொய்டன் குடிவரவுக் கந்தோரில் அகதிக் கேஸ் போட்டான். பிரான்சில் ஏற்கெனவே கார்ட் எடுத்தவன் என்று தெரிந்தால் குடும்பத்தோடு கட்டி அனுப்பிவிடுவார்கள். அவன்தான் ஒருநாள் குசினியில் வைத்துச் சொன்னான்.

“அக்கா, என்ரை கார்ட் பாரிஸிலை என்ரை சிநேகிதன் அருட்பிரகாசத்தின்ரை அறையிலை சும்மா கிடக்கு. பெனடிக்ற் அண்ணையை அதை வைச்சு வேலை செய்யச் சொல்லுங்கோ. ஒரு சீசன் உழைச்சாரெண்டால் இஞ்சாலை கூப்பிட்டிடலாம்.”

“கார்ட்டிலை உம்மடை படமெல்லோ தம்பி?”

“வெள்ளைக்காரனுக்கு அண்ணையும் நானும் ஒண்டுதான். ரெண்டு பேருக்கும் மீசை இருக்கு.”

நாங்கள் சிரித்தோம். இது ஒன்றும் பெரிய புதினமில்லை. அந்த நாளில் எத்தனையோ பேர் இரவல் பெயரில் கோப்பை கழுவினார்கள். அதற்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது: சொன்ன கதையை மாற்றக்கூடாது. யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், கார்ட்டில் இருக்கிற ஆள்தான் நீ. பெயர், பிறந்த திகதி, ஊர், சமயம், பெண்சாதியின் பெயர். பெனடிக்ற் பாடமாக்கினார். அவர் பிசகிவிடாமல் நானும் பாடமாக்கினேன். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி அருட்பிரகாசத்திடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் தெற்கே ரயில் ஏறினார்.

அங்கிருந்து கிழமைக்கு ஒரு கடிதம் வந்தது. மன்னாரில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்து கதிரையில் தேய்ந்த மனுஷன் தோட்டத்தில் குனிந்து நிற்பதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். “இம்மா, முன்னூறு சனம் இல்லாத ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் முந்திரிகைக் கொடிதான். கொடி எண்டாலும் பந்தல் இல்லை. இடுப்புக்குக் கீழே நிக்குது. குனிஞ்சு வெட்ட வேணும். நிமிர்ந்தால் நாரி முறியுது” என்று எழுதினார். காய்ந்த குலையை வெட்டினால் முதலாளி கத்துவாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் வைன் ஊற்றுவார்களாம். “வேண்டாமெண்டால் வருத்தக்காரன், நோயாளி எண்டு நினைக்கினம். அதாலைதான் குடிக்கிறன்.” இந்த நியாயத்தைப் படித்துவிட்டு, வந்து சேரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று வைத்திருந்தேன்.

முதலாளியின் பெயர் பெனுவா. “கலண்டரிலை புனித ஆசீர்வாதப்பர் நாளிலை அந்தப் பேர்தான் போட்டிருக்கு. பெனடிக்ற்றைப் பிரெஞ்சிலை அப்பிடித்தான் சொல்லுறதாம், என்ரை பேர்தான் அது! நான் அவரை என்ரை பேர் சொல்லிக் கூப்பிடுறன். அவர் என்னைக் கல்யாணம் எண்டு கூப்பிடுறார்.” ஊர் நடுவில் கத்தோலிக்கக் கோயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடிக்கும். கார்ட்டில் சைவனான கல்யாணசுந்தரம் எப்படிப் பூசைக்குப் போவது? வாசலுக்கு எதிரே ஒரு கல்லில் போய் இருப்பாராம். “உள்ளுக்குப் பாடுறது கேக்கும். பாஷை விளங்காட்டிலும் எந்த இடம் எண்டு விளங்கும். கல்யாணசுந்தரம் வெளியிலை இருக்கிறார், பெனடிக்ற் உள்ளுக்குப் போட்டு வாறார்.” இதையும் பகிடியாகத்தான் எழுதினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு மாதம்தானே, கல்லறைத் திருநாளுக்கு முன்னம் வந்துவிடுவார், பிறகு இங்கே கிழமையில் ஏழு நாளும் பூசை காணட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

புரட்டாதிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குப் போன் வந்தது. போன் கீழே, நடையில் இருந்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் பிள்ளையின் குரல், தட்டுத் தடுமாறிய ஆங்கிலம்.

“மிஸ்டர் கல்யாணசுந்தரத்தின் வீடா? நான் சில்வி. அவர் என் அப்பாவின் தோட்டத்தில் வேலை செய்கிறார். டிரெயிலரிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்த நம்பர் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. நீங்கள் யார்?”

“கல்யாணசுந்தரமா?” என்றேன். பெண்சாதி என்று சொல்ல முடியாது. பாடமாக்கிய கதையில் கல்யாணசுந்தரத்தின் பெண்சாதி தவநாயகி. “தங்கச்சி” என்றேன்.

“உயிருக்கு ஆபத்தா?” என்று கேட்டேன்.

“டாக்டர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய சமயம் என்ன என்று கேட்கிறார்கள்.”

குசினி வாசலில் தவநாயகி நின்றாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஆறு மாதம். கல்யாணசுந்தரம் என்ற பெயர் என் வாயில் வந்ததைக் கேட்டு எழும்பி வந்திருந்தாள். நெஞ்சுக்கு நேரே கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். பிறகு வந்த வருஷங்களில் பழியை அவள் தலையில் போடப் பார்த்திருக்கிறேன். அது பொய். வாய் என்னுடையது.

தலை உடைந்து கிடக்கிறவனிடம் எதற்குச் சமயம்? பொலிஸ் பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லுகிறது, கார்ட்டைச் சரி பார்க்கிறார்கள், இதுதான் என் புத்தியில் ஓடியது. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். நோயாளியின் சமயத்தை அங்கே எழுதி வைப்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா? தினமும் அந்தக் கட்டில்களுக்குக் கீழேதானே கூட்டுகிறேன். அன்றைக்கு அது ஒன்றும் தலையில் ஏறவில்லை.

“ஹிந்து” என்றேன்.

“ஹிந்துவா? நிச்சயமாகத்தானே?”

“ஓம். ஹிந்து.”

அடுத்த கேள்வி வருவதற்குள் போனை வைத்துவிட்டேன். நம்பர்கூடக் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு மேலே போய்ச் செபமாலை சொல்ல முழந்தாளிட்டேன். முதலாவது மணியிலேயே விளங்கிவிட்டது. எங்கள் வேதத்தில் சாகக் கிடக்கிறவனுக்குப் பாதிரிச் சுவாமியார் வந்து எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும். அதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் என் புருஷனுக்கு அவஸ்தைப் பூசுதல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். செபமாலையைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் படிகளில் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

கல்யாணசுந்தரம் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியும். கடித உறையில் விலாசம் இருக்கிறது, விசாரித்து நம்பர் எடுத்துப் பேசு என்று கெஞ்சினேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் என்னெண்டு சொல்லிக் கதைக்கிறது அக்கா? கட்டிலிலை கிடக்கிறவன் கல்யாணசுந்தரமில்லை, நான்தான் அவன் எண்டோ? அருட்பிரகாசத்தை அனுப்புவம். அவனும் உங்களைப்போலை வேதக்காரன்தானே. நேரிலை போய்ச் சுவாமியாரின்ரை காதுக்குள்ளை சொல்லட்டும். போனிலை சொன்னால் எல்லாம் குழம்பிப் போம்.”

“அதுக்கிடையிலை ஏதும் நடந்தால்?”

“ஒண்டும் நடக்காது அக்கா. மன்னார்க்காரன்ரை மண்டை பலம்.”

நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? தவநாயகியின் வயிறு, பிள்ளைகள், பொலிஸ், கார்ட் பிடிபட்டால் பெனடிக்ற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். காரணங்களுக்குக் குறைவில்லை. வெட்கம் கெட்ட காரணங்கள். பாரிஸில் அருட்பிரகாசம் ஒரு ரெஸ்டோரண்டில் சட்டி கழுவுகிறவன். அவனுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் லீவு கிடைத்தது.

திங்கள் பின்னேரம் அங்கிருந்து போன் எடுத்தான். பெனடிக்ற் வியாழக்கிழமை விடியப்புறம் செத்துவிட்டார். எங்கள் நம்பர் எழுதிய துண்டு ஆஸ்பத்திரியில் தொலைந்துபோனதால் அவர்களால் எங்களுக்கு அறிவிக்க முடியவில்லையாம். ஊரில் கோயிலும் இருந்தது, கோயிலுக்குப் பின்னால் புதைக்கிற சேமக்காலையும் இருந்தது. ஆனால் ஹிந்துக்களைப் புதைக்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெனுவா நல்ல மனுஷன். வெட்டுவதற்குத் திராட்சை தோட்டத்தில் கிடக்க, வேலையை நிறுத்திவிட்டு, நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த தகனசாலைக்குச் சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய் எரித்திருக்கிறார். சாம்பலை ஆற்றில் விட வேண்டும் என்று புத்தகத்தில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஊரே ஆற்றங்கரையில் தொப்பியைக் கழற்றி நிற்க, விட்டிருக்கிறார்கள்.

“அக்கா, நான் வந்து ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. இனிச் சொல்லி என்ன?” என்றான் அருட்பிரகாசம். “உங்கடை விலாசத்தை மட்டும் குடுத்தனான்.”

நான் போனைப் பிடித்தபடி நடையில் இருந்துவிட்டேன். ஒரு பிடி மண் போட இடமில்லை. நாங்கள் புதைக்கிறவர்கள். கடைசி நாளில் உடம்போடு எழும்புவோம் என்று நம்புகிறவர்கள். என் புருஷனைப் பெயரும் இல்லாமல், உடம்பும் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

முப்பதாம் நாள் வரும்போது கல்யாணசுந்தரம் மேலே வந்து என் அறை வாசலில் நின்றான். மெலிந்து போயிருந்தான். பிரான்சில் அவன் செத்துப்போனவன் என்று பதிந்தாயிற்று. அந்தப் பெயரைத் தவநாயகி கூப்பிடக்கூடப் பயப்பட்டாள்.

“அக்கா, எங்கடை முறையிலை எரிச்சவை. மிச்சத்தை அரைகுறையிலை விடக்கூடாது. விம்பிள்டன் பிள்ளையார் கோயில் ஐயரோடை கதைச்சனான். நான் அண்ணைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யிறன்.”

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது. “எரிச்சதும் போதாதெண்டு எள்ளும் தண்ணியுமோ? செத்த பிறகும் அந்த மனுஷன் உம்மடை பேரைத்தான் சுமக்க வேணுமோ?” என்று கத்தினேன். கீழே பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டன. அவன் படியிறங்கிப் போனான். அவன் மனதறிந்து கேட்டது நல்லதைத்தான். அது எனக்கு அப்போதும் தெரியும்.

நான் பங்குக் கோயிலில் பெனடிக்ற்றின் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேன். தமிழ்ச் சுவாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். கடவுளுக்கு அது லேசு. ஒவ்வொரு கார்த்திகை இரண்டாம் திகதியும், கல்லறைத் திருநாளில், சனம் எல்லாம் மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகும். நானும் போவேன். கோயிலில் பழக்கமான பிலோமினம்மாவின் புருஷனுடைய கல்லறையில் ஒரு திரி கொளுத்துவேன். அந்த மனுஷனை எனக்கு உயிரோடு தெரியாது.

நாலு வருஷம் போனது. கல்யாணசுந்தரத்தின் குடும்பத்துக்கு இங்கே தங்கும் அனுமதி கிடைத்தது. 1992 சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. பெனுவாவின் மகள் சில்வி லண்டனில் படிக்க வந்திருக்கிறாள், தாயும் பார்க்க வந்திருக்கிறா, உங்களைச் சந்திக்க விரும்புகிறோம். நான் என்ன செய்ய? வரச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். தவநாயகி வேலைக்குப் போயிருந்தாள். தாய் மதாம் மார்த்துக்கு அறுபது வயதிருக்கும். கட்டை, தடித்த விரல்கள், தோட்டத்தில் நின்று கறுத்த முகம். பை ஒன்றைத் தந்தாள். பெனடிக்ற்றின் இரண்டு சேட், சவரக் கத்தி, ஒரு சப்பாத்துச் சோடி. எல்லாம் தோய்த்து, மினுக்கி, மடித்து இருந்தது. கூட ஒரு போத்தல் வைன். “அந்த வருஷத்தது. அவர் வெட்டினதும் இதற்குள் இருக்கிறது என்கிறா அம்மா” என்றாள் சில்வி.

நான் தேத்தண்ணி ஊற்றினேன். மதாம் கதைத்தாள், மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பாட்டுப் பாடுவாராம், வைனைக் குடிக்கும்போது முகத்தைச் சுளிப்பாராம், ஆனால் இரண்டாம் கோப்பை வேண்டாம் என்று சொல்லமாட்டாராம். நான் சிரித்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு என் புருஷனைத் தெரிந்த ஒருத்தி எனக்கு முன்னால் இருந்தாள்.

“கடைசி இரவு அம்மாதான் பக்கத்தில் இருந்தார்” என்றாள் சில்வி. “அவருக்கு நினைவு வந்து வந்து போனது. பேச்சுக் குழறியது. வலக் கையைத் தூக்கித் தூக்கி நெற்றிக்குக் கொண்டு போனார். தலை நோகிறதாக்கும் என்று நினைத்தோம். கையில் ஏற்றியிருந்த குழாய் கழன்றுவிடும் என்று தாதி கையைக் கட்டப் பார்த்தாள். அம்மா விடவில்லை. பாவம், கட்ட வேண்டாம், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார். இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டு இருந்தார்.”

மதாம் தன் ஒரு கையை மற்றக் கையால் மடியில் அமத்திப் பிடித்துக் காட்டினாள், எப்படிப் பிடித்தாள் என்று.

“எங்கள் ஊர்ச் சுவாமியார் பக்கத்துக் கட்டில்காரருக்கு நற்கருணை கொண்டு வந்தார். இவர் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சுவாமியார் கிட்ட வரப் பார்த்தார். இவர் ஹிந்து, இவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, தங்கச்சி சொல்லியிருக்கிறா என்று அம்மா அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். அம்மா உங்களிடம் ஒன்று கேட்கத்தான் வந்தார். நாங்கள் செய்தது எல்லாம் உங்கள் முறைப்படி சரிதானா?”

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அந்த மனுஷி நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். ஆனால் என் புருஷன் கையைத் தூக்கியிருக்கிறார். சாகும்போது அவர் கார்ட்டை மறந்து, கதையை மறந்து, பெனடிக்ற்றாக இருக்கப் பார்த்திருக்கிறார். அவரை இரண்டாந்தரமும் கல்யாணசுந்தரம் ஆக்க எனக்கு ஏலவில்லை.

“அவருடைய பெயர் பெனடிக்ற்” என்றேன். “கார்ட் வேறொருவருடையது. நான் தங்கச்சி இல்லை, பெண்சாதி. அவர் கத்தோலிக்கர். நானும்தான்.”

சில்வி மொழிபெயர்க்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தாள். தாய் மகளின் முழங்காலில் தட்டி, என்ன என்று கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். பிறகு சில்வி மெல்லச் சொன்னாள்.

மதாமுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “எங்கள் குடும்பக் கல்லறையில் இடம் இருந்ததாம்” என்றாள் சில்வி. “அப்பா அவரை அங்கே வைக்கத்தான் ஆசைப்பட்டாராம். அவருடைய சமயத்துக்கு ஆகாது என்றுதான் விட்டார்களாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்.”

“பயம்” என்றேன்.

மதாம் பிறகு தன் வலக் கையைப் பார்த்தாள். அதை மெதுவாகத் தூக்கி நெற்றியைத் தொட்டாள். நெஞ்சைத் தொட்டாள். பாதிச் சிலுவையில், இடது தோளுக்குப் போகிற வழியில், கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, பிரெஞ்சில், மிகச் சின்னக் குரலில் ஏதோ கேட்டாள். சில்வி அழுதுகொண்டிருந்தாள். அவள் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

“ஓம்” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

நான் எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டு எழுந்து, யன்னலடியில் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.